குடகுக் காப்பி மலைகளில் மிதிவண்டிப் பயணம்

நம் நாட்டில் விளையும் காப்பியில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு கர்நாடக மாநிலத்தில் விளைகிறது. அம்மாநிலத்துள்ளும் குடகு மாவட்டமே முதலிடம் வகிக்கிறது. நாட்டின் மொத்த விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அளவினை அது ஒன்றே தருகிறது. 4,102 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அம்மாவட்டத்தின் மக்கள் தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஐந்தரை லட்சம். அங்கு இருப்புப்பாதை இல்லை. வருவோர் அனைவரும் சாலை வழியாகவே வந்தாக வேண்டும். அவ்வாறு ஆண்டுதோறும் வந்து செல்லும் சுற்றுலாப் பயணிகளின் தொகை, மாவட்டத்தின் மக்கள் தொகையைப் பன்மடங்கு விஞ்சி நிற்கிறது.

இவர்களில் பெரும்பாலோர் வார இறுதியில் காரில் வருபவர்கள். மடிக்கேரியின் அரசர் இருக்கை, அப்பி அருவி, துபாரே யானை முகாம், தலைக்காவிரி என நான்கைந்து இடங்களைக் கண்டு, நகரத்தை ஒட்டிய விடுதி ஒன்றில் இரவைக் கழித்து, மறுநாள் திரும்பிவிடுகின்றனர். இடையே உள்ள ஊர்கள் அவர்களுக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் பசுமை மட்டுமே. நெரிசலும் குப்பையும் நீர்த்தட்டுப்பாடும் மாவட்டம் முழுவதற்கும் பங்காகின்றன. வருவாயோ சில இடங்களில் குவிகிறது. இந்நிலையில், இதே மலைச்சாலைகளில் மிதிவண்டியில் பயணம் செய்யும் வழக்கம் சிறிது சிறிதாகப் பரவி வருவது கவனிக்கத்தக்கது. 2008-இல் தொடங்கிய நீலகிரி மிதிவண்டிச் சுற்றுப்பயணம் போன்ற முயற்சிகள் கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் மலைப்பாதைகளை மிதிவண்டி ஆர்வலருக்கு அறிமுகப்படுத்தியுள்ளன.

மிதிவண்டிப் பயணியை மலை நாள் ஒன்றுக்கு ஐம்பது அல்லது அறுபது கிலோமீட்டருக்கு மேல் செல்ல விடுவதில்லை. ஆகவே, அவர் மாலை மங்கும் வேளையில் எந்த ஊரில் இருக்கிறாரோ அவ்வூரிலேயே உண்டு, உறங்க நேர்கிறது. அவ்வூர் பெரும்பாலும் சிறு காப்பி விவசாயிகளின் ஊராகவே இருக்கும். சுற்றுலா வளர்ச்சியைத் திட்டமிடுவோர்க்கு இந்த ஒரு செய்தி மிகவும் முக்கியமானது.

மாட்டுவண்டிக்கு அமைந்த சாலை

குடகு 1834-இல் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. 1850-களில் ஐரோப்பியர் அங்குப் பெருந்தோட்டங்களை அமைக்கத் தொடங்கினர். காப்பி மூட்டைகளைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்ல மாட்டுவண்டிகளே அன்று இருந்தன. சுமையுடன் காளைகள் இழுக்கத்தக்க சரிவு எதுவோ, அதற்கேற்ப மலையை வளைத்து வளைத்துப் பாதைகள் இடப்பட்டன. இன்றைய தார்ச்சாலைகள் பலவும் அப்பழைய தடங்களையே தழுவிச் செல்கின்றன. காளைக்கு ஒத்துவந்த சரிவு மிதிவண்டி ஓட்டுநருக்கும் ஒத்துவருவதில் வியப்பில்லை. இருவரும் தசை வலிமையை நம்பியவர்கள்தாமே!

இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவர், வண்டி, மூட்டை ஆகிய மூன்றின் எடையும் சேர்ந்து 90 கிலோ எனக் கொள்வோம். நூறு மீட்டர் தொலைவுக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் 98 வாட் ஆற்றல் தேவை. தரையின் உராய்வையும் சேர்த்தால் 110 வாட் ஆகும். நல்ல உடல்நலமுள்ள ஒருவர் மணிக்கணக்காகத் தரக்கூடிய ஆற்றலின் எல்லை ஏறத்தாழ இதுவே. சரிவு இருமடங்கானால் வேகம் பாதியாகக் குறைந்தாக வேண்டும், வேறு வழியில்லை.

ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது. அதனைக் கால்கள் எவ்வாறு தருகின்றன என்பதும் கருதத்தக்கது. நம் ஊர்களில் பால் சுமக்கும் சாதாரண மிதிவண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின் பற்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பதாகக் கொண்டால், மிதி ஒருமுறை சுழலும்போது வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் முன்னேறும். சமதரைக்கு இது மிகப் பொருத்தம். மேற்கூறிய ஏற்றத்திலோ மிதி நிமிடத்துக்கு 25 முறையே சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் 25 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கால்கள் தொடர்ந்து தர வேண்டியிருக்கும். சிறிது நேரத்திலேயே முழங்கால் இறங்கி நடக்கச் சொல்லிவிடும். முன்னும் பின்னும் சமமான பற்களுக்குச் சங்கிலியை மாற்றிக்கொள்ளும் கியர் வசதி இருப்பின், அதே வேகத்தில் மிதி நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முறை சுழலும். தேவைப்படும் விசையோ 10 கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். செய்யப்படும் வேலையின் அளவு மாறுவதில்லை; கால்கள் ஏற்கும் தவணைகள் சிறியவையாகின்றன. மலைப்பயணத்துக்கு விலையுயர்ந்த வண்டி வேண்டும் என்பது தவறான எண்ணம். வேண்டுவது தாழ்ந்த கியரும் நல்ல பிரேக்கும்தான்.

பிரேக்கைப் பற்றித் தனியே கூற வேண்டும். மடிக்கேரியிலிருந்து மேற்கே சம்பாஜே வரை இறங்கும் சாலை 900 மீட்டருக்குக் குறையாத உயரத்தை இழக்கிறது. 90 கிலோ எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 8 லட்சம் ஜூல். இரண்டு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றுத் தடை ஏற்றுக்கொள்கிறது. எஞ்சியதெல்லாம் பிரேக் கட்டைகளிலும் சக்கர விளிம்பிலும் வெப்பமாகிறது. தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குவோர், வளைவுக்கு வளைவு நின்று விளிம்பை ஆறவிடுவது நலம். மழையில் நனைந்த விளிம்பில் பிரேக் உடனே பிடிக்காது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

மைசூரிலிருந்து தலைக்காவிரி வரை

பயணத்தை மைசூரில் தொடங்குவதே முறை. பெங்களூரிலிருந்து மைசூருக்கு மிதிவண்டியில் வர எண்ணுவோர், விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்டு முதல் இருசக்கர வாகனங்களும் மோட்டார் இல்லாத வண்டிகளும் தடை செய்யப்பட்டுள்ளதை அறிந்திருக்க வேண்டும். மிதிவண்டியை இரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, சரக்குப் பெட்டியில் ஏற்றி வருவதே எளிது.

மைசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஹுன்சூர், பெரியபட்டணா வழியாகச் செல்லும் சாலை பெரிதும் சமதளமானது. இருபுறமும் புகையிலை வயல்களும் அவற்றின் இடையே புகையிலையைப் பதப்படுத்தும் உயர்ந்த கொட்டகைகளும் தென்படும். 1961 முதல் திபெத்திய அகதிகள் குடியமர்த்தப்பட்ட பைலகுப்பேயைக் கடந்தால், காவிரியின் கரையில் குஷால்நகர். இதுவரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். காப்பி இன்னும் கண்ணில் படாது.

குஷால்நகரிலிருந்து மடிக்கேரி 30 கிலோமீட்டர். உயர வேறுபாடு 320 மீட்டர் அளவே. சராசரிச் சரிவு நூற்றுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்லும். ஆனால் சராசரியை நம்பிப் புறப்பட்டவர் சுண்டிகொப்பாவைத் தாண்டியதும் கணக்கின் குறையை உணர்வார். சாலை ஏறி இறங்கி, மீண்டும் ஏறுகிறது. இழந்த உயரத்தை எல்லாம் மறுபடியும் ஈட்ட வேண்டியுள்ளது.

இவ்வேற்றத்திலேதான் காப்பி நாட்டின் அமைப்பு படிப்படியாக விளங்கத் தொடங்குகிறது. கார்ப்பயணி அரை மணியில் கடந்துவிடும் தொலைவை மிதிவண்டிப் பயணி மூன்று மணி நேரத்தில் கடக்கிறார். வேலிக்கு அப்பால் உள்ள ஒவ்வொரு மரமும் அவருக்குத் தனித்தனியே தெரிகிறது. வெட்டவெளியில் காப்பி பயிரிடும் நாடுகள் பல உண்டு. நம் நாட்டுக் காப்பியோ நிழலில் வளர்வது. கீழடுக்கில் கல்யாண முருங்கை. மேலடுக்கில் பலா, அத்தி, ஈட்டி முதலிய காட்டு மரங்கள். அவற்றின் தண்டுகளைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி. இடையிடையே நேராக உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் பிற்காலத்தில் பரவியவை. விரைவில் வளர்ந்து விற்பனைக்கு உதவுவதால் விவசாயிகள் அவற்றை விரும்புகின்றனர். எனினும், பல்வகைக் காட்டு மரங்கள் நின்ற இடத்தில் ஒரே இன மரம் நிற்பது பறவைகளுக்கும் மண்ணுக்கும் ஈடான மாற்று ஆகாது. எந்தத் தோட்டத்தில் பழைய நிழல் எஞ்சியுள்ளது, எதில் இல்லை என்பதை ஏற்றத்தில் வியர்வை சிந்தும் பயணி, தம் மேனியில் படும் வெயிலைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

உயரத்துக்கேற்பப் பயிரும் மாறுகிறது. அராபிகா 1000 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த சரிவுகளையும், ரொபஸ்டா அதற்குக் கீழ்ப்பட்ட பகுதிகளையும் விரும்பும். மாவட்டத்தின் வடக்கே சோமவாரப்பேட்டை, மடிக்கேரிப் பகுதிகளில் அராபிகா மிகுதி. தெற்கே விராஜ்பேட்டை, கோணிகொப்பல் பக்கம் ரொபஸ்டாவே ஓங்கி நிற்கிறது. செடியைப் பார்த்தே வேறுபாடு காணலாம். அராபிகாவின் இலை சிறியது, கருமை கலந்த பச்சை. ரொபஸ்டாவின் இலை அகன்றது, வெளிர்ந்தது, செடியும் பெரியது. குடகு அராபிகாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சிக்கமகளூர் அராபிகா, பாபாபூதன்கிரி அராபிகா, வயநாடு ரொபஸ்டா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா ஆகியவையும் அவ்வாண்டே அத்தகுதியைப் பெற்றன.

மடிக்கேரி ஒரு நீர்ப்பிரிமுகட்டை ஒட்டி அமைந்துள்ளது. கிழக்கே விழும் மழை காவிரியையும் ஹாரங்கியையும் சேர்ந்து கிருஷ்ணராஜசாகரத்துக்கும், அங்கிருந்து மேட்டூருக்கும் தஞ்சை வயல்களுக்கும் வருகிறது. மேற்கே விழுவது அரபிக்கடலை அடைகிறது. மடிக்கேரியிலிருந்து பாகமண்டலா ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கிருந்து தலைக்காவிரிக்கு 8 கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். பாகமண்டலாப் பகுதியில் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரைத் தாண்டுவது உண்டு. குஷால்நகரிலோ அதில் ஒரு சிறு பங்கே பெய்கிறது. எழுபது கிலோமீட்டருக்குள் இத்துணை வேறுபாடு! நிழல் மரங்களின் வேர்களும் உதிர்ந்த சருகுகளும் இம்மழையைத் தாங்கி மண்ணுக்குள் இறக்குகின்றன. தமிழ்நாட்டின் மாணவர்க்குக் காவிரி நீர் என்பது அணையின் நீர்மட்டமாகவே அறிமுகமாகியிருக்கும். அந்நீர் யாருடைய தோட்டத்தின் வழியே புறப்படுகிறது என்பதை இங்குக் காணலாம்.

திரும்பும்போது நாபோக்லு, விராஜ்பேட்டை, கோணிகொப்பல் வழியாக ஹுன்சூரை அடையலாம். அவசரமின்றிச் சென்றால் முழுச் சுற்றும் ஆறு நாட்களில் முடியும்.

காப்பியின் நாட்காட்டி

ஜூன் முதல் செப்டம்பர் வரை பயணம் செய்வதைத் தவிர்க்க வேண்டும். 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் மடிக்கேரியைச் சுற்றிய மலைச்சரிவுகள் சரிந்து உயிர்ச்சேதம் விளைந்தது; சம்பாஜே செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் அறுபட்டது. 2019-இல் விராஜ்பேட்டை வட்டத்திலும், 2020-இல் தலைக்காவிரிக்கு அருகிலும் அவ்வாறே நேர்ந்தது. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம்.

இது அறுவடைக் காலமும் ஆகும். நவம்பரில் அராபிகாப் பழங்கள் சிவக்கின்றன; ரொபஸ்டாவின் அறுவடை டிசம்பருக்குப்பின் தொடங்கிப் பிப்ரவரி வரையிலும் நீள்கிறது. பழுத்தவற்றை மட்டும் கையால் தேர்ந்து பறிக்க வேண்டியிருப்பதால் ஒரே செடிக்குப் பலமுறை வர நேர்கிறது. ஒரு கிலோ பச்சைக் காப்பிக்கொட்டைக்கு ஐந்து, ஆறு கிலோ பழம் வேண்டும். பழத்தை அப்படியே களத்தில் உலர்த்துவது ஒரு முறை. தோல் நீக்கி, பசையை நொதிக்கவிட்டுக் கழுவி உலர்த்துவது மற்றொன்று. களங்களில் காப்பி உலரும் நாட்களில் ஊர் முழுதும் புளித்த பழ மணம் கமழும். பயணிகள் களத்தில் மிதிவண்டியைச் சாய்த்துப் படம் எடுப்பதையும், பறிக்கும் பெண்களை வேலையின் நடுவே நிறுத்திப் பேச்சுக் கொடுப்பதையும் தவிர்ப்பது நல்லது. பறிக்கும் அளவைக் கொண்டே கூலி கணக்கிடப்படும் தோட்டங்கள் பல.

மார்ச், ஏப்ரலில் பெய்யும் முதல் மழை பூமழை எனப்படும். மழைக்குப்பின் ஒன்பது, பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெண்மையாகப் பூக்கும். ஓரிரு நாட்களில் வாடிவிடும். ரொபஸ்டா தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. தேனீயும் காற்றும் வேண்டும். உரிய காலத்தில் மழை வராவிடில் குளத்து நீரை இறைத்துத் தெளிக்கின்றனர். அவ்வேளையில் ஒரு குளம் என்பது ஓர் ஆண்டின் வருவாய். அக்குளத்து நீரை விடுதிகளின் குளியல் தொட்டிகளுக்குப் பங்கிடுவதில் எழும் கசப்பு புரிந்துகொள்ளத்தக்கதே.

யாருக்கு வருவாய்?

நம் நாட்டுக் காப்பித் தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கும் மேற்பட்டவை பத்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள். 1942-ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி இயங்கும் காப்பி வாரியம், விளைச்சலைப் பொதுவில் திரட்டி விற்றுவந்த முறை 1990-களின் இடைப்பகுதியில் முடிவுற்றது. அது முதல் விலை உயர்வும் வீழ்ச்சியும் நேரே விவசாயியைச் சென்றடைகின்றன. அராபிகாவுக்கு நியூயார்க்கும் ரொபஸ்டாவுக்கு லண்டனும் விலை சொல்கின்றன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது குடகிலும் வயநாட்டிலும் பல குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2024-இல் ரொபஸ்டா விலை முன் கண்டிராத உயரத்தை எட்டியது. இரண்டும் ஒரே தலைமுறை கண்டவை.

விலை வீழ்ந்த அந்நாட்களை ஒட்டியே வீட்டின் ஓர் அறையைப் பயணிக்கு வாடகைக்கு விடும் இல்லத்தங்கல் முறை குடகில் பெருகியது. காப்பி ஆண்டுக்கு ஒருமுறை பணம் தரும் பயிர். அறை வாடகையோ மாதந்தோறும் வரும். தொகை சிறிதாயினும் பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் வட்டிக்கு வாங்கும் தேவையை அது தவிர்க்கிறது. எனினும், காருடன் வரும் குடும்பம் வண்டி நிறுத்தும் இடம், நீச்சல் குளம், பலவகை உணவு ஆகியவற்றை எதிர்பார்க்கிறது. அவற்றைத் தர முதல் போடக்கூடியவரே அத்தொழிலில் நிலைக்கிறார். காப்பித் தோட்டமே விடுதியாக மாறும் நிலையும் இவ்வாறே தோன்றுகிறது. மிதிவண்டிப் பயணி எதிர்பார்ப்பது வெந்நீர், வண்டியை வைக்க ஒரு திண்ணை, வயிறு நிறைய உணவு. கடம்புட்டும் அரிசி ரொட்டியும் அவர் உண்ணும் அளவைக் கண்டு வீட்டார் வியப்பதுண்டு! ஐந்து ஏக்கர் விவசாயியால் புதுக் கட்டடம் எழுப்பாமலே இவ்விருந்தோம்பலைச் செய்ய இயலும். பழமாக வணிகரிடம் விற்பதைவிட, வறுத்துப் பொடித்துப் பயணியிடம் விற்கும்போது விவசாயிக்குக் கிடைப்பது அதிகம். ஆனால் மிதிவண்டிப் பயணி அரை கிலோவுக்கு மேல் சுமக்க மாட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனவே, இதனை மாவட்டப் பொருளாதாரத்தை மாற்றியமைக்கும் வழி என மிகைப்படுத்துவதற்கில்லை. பயணிகளின் தொகை சிறிது. அது சிறிதாக இருக்கும் வரையில்தான் இதன் நன்மைகளும் நீடிக்கும். நூறு மிதிவண்டிகளும் அவற்றின் பின்னே இருபது உதவி வாகனங்களும் ஒரே நாளில் ஒரு சிற்றூரில் இறங்கினால், அது காரில் வந்த கூட்டத்தினின்று பெரிதும் வேறுபடாது.

யானையும் சாலை ஓரமும்

தெற்குக் குடகின் சித்தாபுரம், அம்மத்தி, பொள்ளிபெட்டா பகுதிகளில் யானைகள் காப்பித் தோட்டங்களுக்குள்ளேயே நடமாடுகின்றன. பலாப்பழமும் தோட்டக் குளங்களின் நீரும் நிழலும் அவற்றை ஈர்க்கின்றன. அதிகாலையில் வேலைக்கு நடந்து செல்லும் தொழிலாளர்கள் யானையால் உயிரிழந்த நிகழ்ச்சிகள் பல. மிதிவண்டிக்கு இங்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஓசையின்றிச் செல்வதால், வளைவின் மறுபுறம் நிற்கும் யானைக்கு அது முன்னறிவிப்புத் தருவதில்லை. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் இச்சாலைகளில் செல்லாதிருப்பதும், வளைவுகளில் மணி அடிப்பதும், ஊரார் வேண்டாம் என்று சொன்ன வழியைக் கேள்வியின்றி விட்டுவிடுவதும் நன்று. குடகின் ஊர்களில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தேவரகாடுகள், அதாவது தெய்வத்துக்கென விடப்பட்ட காடுகள், உள்ளன. நிழலைக் கண்டு அவற்றினுள் வண்டியை உருட்டிச் செல்லலாகாது.

யானையைவிட அன்றாடம் எதிர்ப்படும் ஆபத்து மோட்டார் வாகனங்களே. தேசிய நெடுஞ்சாலையில் தார் முடியும் இடத்துக்கும் மண் தொடங்கும் இடத்துக்கும் இடையே பல பகுதிகளில் ஒரு சாண் பள்ளம் உள்ளது. பின்னால் பேருந்து ஒலி எழுப்பும்போது மிதிவண்டி ஒதுங்க வேண்டிய இடம் அதுவே. அவ்வோரத்தைத் தார் மட்டத்துக்கு உயர்த்திக் கெட்டிப்படுத்துவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. அதனால் முதலில் பயனடைவோர் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளும் கூலிக்குச் செல்லும் தொழிலாளர்களும் ஆவர். 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின்கீழ் அமைந்த சிறு சாலைகள் பல, நெடுஞ்சாலையைத் தொடாமலே ஊர்களை இணைக்கின்றன. அச்சாலைகளைக் காட்டும் வரைபடம் ஒன்றை, பதிவு பெற்ற சிறு இல்லங்களின் பட்டியலோடும் மிதிவண்டி பழுது பார்க்கும் கடைகளின் பட்டியலோடும் கன்னடத்திலும் அண்டை மாநில மொழிகளிலும் வெளியிட்டு, மைசூர் இரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தின் வாயிலில் கிடைக்கச் செய்யலாம். மிதிவண்டியுடன் வருபவர் முதலில் வந்து நிற்கும் இடம் அதுவே.